கேட்கத் தெரிந்தவர்களுக்கான படிப்பு

(பெங்களூரு அல்சூரில், பி.யு.சி. எனும் பிளஸ் டூ முடிக்கப்போகும் தமிழ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான் இருக்கும். பிள்ளை சைக்காலஜி படிக்கிறேன் என்கிறது. வீட்டில் டேட்டா சயின்ஸ் படி என்கிறார்கள். நடுவில் இது இரண்டையும் சேர்த்து, கூடவே சமூக ஆய்வு முறைகளையும் வைத்துப் புதிய படிப்புகள் வந்திருக்கின்றன. பேர் நன்றாக இருக்கிறது, ஃபீஸும் அதிகமாக இருக்கிறது. சேர்க்கலாமா?

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். சேர்க்கலாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் எதைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

முதலில் எங்கெங்கே இருக்கிறது என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் சோஷியல் டேட்டா சயின்ஸ் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் சோஷியல் சயின்ஸ். நம் நாட்டில் டெல்லி ஐ.ஐ.ஐ.டி. கம்ப்யூட்டர் சயின்ஸையும் சமூக அறிவியலையும் சேர்த்து பி.டெக். நடத்துகிறது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டிங்கும் மனித அறிவியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம். இங்கே எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஐ.ஐ.ஐ.டி.யில் டிஜிட்டல் சொசைட்டி என்று ஓர் எம்.எஸ்சி. இவை தவிர, பல கல்லூரிகளில் சைக்காலஜியோடு டேட்டா சயின்ஸையோ புள்ளியியலையோ சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏதோ நேற்று முளைத்த ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். 1904-ல் சார்லஸ் ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளை மற்றப் பாடங்களிலும் நன்றாகச் செய்வது எதனால் என்று யோசித்தார். அதற்காக அவர் போட்ட கணக்கிலிருந்து வந்ததுதான் ஃபேக்டர் அனாலிசிஸ், அதாவது பல மதிப்பெண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொதுக் காரணத்தைத் தேடும் முறை. இன்றும் எந்த டேட்டா சயின்ஸ் பாடத்திட்டத்தைத் திறந்தாலும் அதையோ அதன் உறவுக்காரர்களையோ பார்க்கலாம். அந்த ஸ்பியர்மனிடம் லண்டனில் படித்துவிட்டு வந்து, மைசூர் பல்கலைக்கழகத்தில் 1924-ல் தொடங்கிய உளவியல் துறையை வளர்த்தவர் எம்.வி. கோபாலசாமி. 1935-ல் தன் வீட்டிலேயே ஆகாசவாணி என்று ஒரு வானொலி நிலையம் தொடங்கியவரும் இதே கோபாலசாமிதான். அதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

அப்புறம் நீங்கள் போனில் நிரப்புகிற ‘மிகவும் சம்மதம்’ முதல் ‘கொஞ்சமும் சம்மதமில்லை’ வரையான ஐந்து கட்டக் கேள்வி. அது 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற உளவியலாளர் கொடுத்தது. நம் நாட்டில் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனித்தனி ஆய்வுப் பிரிவுகளே உண்டு. அதன் பெங்களூரு கிளை மைசூர் ரோட்டில் இருக்கிறது. ஆக, இந்த மூன்று துறைகளும் ஒன்றாக வளர்ந்தவைதான். பல்கலைக்கழகங்கள்தான் இவற்றைத் தனித்தனி கட்டடங்களுக்கு அனுப்பிவிட்டன.

சரி, தனித்தனியாகப் படித்தால் என்ன குறைந்துவிடும்?

1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. அதைக் கூட்டிப் பார்த்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்கு வாங்கினார், லேண்டனுக்கு இரண்டே மாநிலங்கள்தான் கிடைத்தன. விலாசம் எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அதோடு, அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் அனுப்பாதவர்களும் வேறு வேறு மாதிரி வாக்களித்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சரிதான், ஏனென்றால் பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டும் உழைக்கும் மக்கள் வாழும் ஸ்ரீராமபுரமும் ஒரே கொதியில் வேகவில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு லட்சம் பேரிடம் கேட்டுவிட்டு பெங்களூருவைப் பற்றிப் பேசினால் லிட்டரரி டைஜஸ்டுக்கு ஆனதுதான் நமக்கும் ஆகும்.

இது யாரைக் கேட்டோம் என்பதில் வந்த பிழை. எதை அளந்தோம் என்பதில் வரும் பிழை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணில் படவே படாது. 2019-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில், எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்க ஓர் அல்காரிதம் பரவலாகப் பயன்பட்டு வந்தது. அது நோயாளியின் நிறத்தையே பார்க்கவில்லை. இவருக்கு மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் கணித்தது. அதையும் நன்றாகவே கணித்தது. ஆனால் ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பின மக்களுக்கு ஆகும் மருத்துவச் செலவு குறைவு, காரணம் அவர்களுக்கு மருத்துவமே குறைவாகக் கிடைத்தது. செலவு குறைவு என்றால் நோய் குறைவு என்று மெஷின் எடுத்துக்கொண்டது. இந்தச் சாய்வைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அங்கே கோடிங்கில் தப்பில்லை, கணக்கிலும் தப்பில்லை. ‘நோய்’ என்று நாம் சொல்வதற்குச் செலவு சரியான அளவுகோலா என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவது உளவியலில் வரும் அளவீட்டுப் பாடம். புத்திக்கூர்மை, கவலை, நம்பிக்கை என்று கண்ணால் பார்க்க முடியாதவற்றை அளந்து அளந்து, எங்கெல்லாம் சறுக்கும் என்று நூறு வருடமாகப் பட்டுத் தெரிந்துகொண்ட துறை அது. இதைப் படிக்காத டேட்டா சயின்டிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இன்று கடன் கொடுக்கலாமா, வேலைக்கு எடுக்கலாமா என்று அவர் எழுதிய புரோகிராம்தான் முதல் வடிகட்டலைச் செய்கிறது.

இனி, மூன்றாவது துறை. கள ஆய்வு. பாடத்திட்டத்தில் இதற்குத்தான் இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண் ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

2019-ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. முந்தைய நாள் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று அதில் வந்தது.

அதே முறையைப் பின்பற்றி என் மாணவர்களை ஸ்ரீராமபுரத்தில் சில தெருக்களுக்கு அழைத்துப் போனேன். ஒரு வீட்டில் ஓர் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். என் மாணவி முதல் கேள்வியைக் கேட்டாள்: “நீங்க வேலைக்குப் போறீங்களாக்கா?” உள்ளேயிருந்து வீட்டுக்காரர் பதில் சொன்னார்: “அவ எங்கயும் போறதில்லம்மா, வீட்லதான் இருக்கா.” அந்த அம்மாவும் தலையை ஆட்டினார். கை மட்டும் நிற்கவில்லை. மாணவி ‘இல்லை’ என்று டிக் செய்யப் போனாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் அரை மணிக் கணக்கு ஆரம்பித்தது. “நாலரை மணிக்கு என்னக்கா செஞ்சீங்க?” நேற்று காவிரித் தண்ணீர் வரும் நாள். நாலரைக்கு எழுந்து ட்ரம்மை நிரப்பியிருக்கிறார். அஞ்சுக்கு அடுப்பு. ஆறுக்குப் பிள்ளைகளுக்கு டப்பா கட்டியிருக்கிறார், அதே நேரத்தில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அரை மணிக் கட்டத்தில் எந்த வேலையை எழுதுவது என்று மாணவிக்குத் தெரியவில்லை. பத்து மணியிலிருந்து ஊதுபத்தி. “இதுக்குக் காசு வருமாக்கா?” “ஆயிரம் பத்திக்கு இவ்வளவுன்னு கணக்கு பண்ணிக் குடுப்பாங்க கண்ணு.” மாணவி பேனாவை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் கேள்வியில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இந்த நாட்டின் கணக்கில் அந்த அம்மா வேலை செய்யாதவர். யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி அப்படி.

இன்னொன்றையும் அன்றைக்கு மாணவர்கள் பார்த்தார்கள். ‘வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா?’ என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லும் கேள்வி இருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்தால் ஐந்து. மாமியார் கோயிலுக்குப் போயிருந்த வீடுகளில் வேறு எண்கள் வந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எல்லா ஐந்தும் ஒன்றுதான். எந்த ஐந்து எப்படி வந்தது என்பது அந்தத் திண்ணையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பல கல்லூரிகளில் இப்போது கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நூறு பதில் வந்ததும் ப்ராஜெக்ட் முடிந்தது என்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தேசிய மனநல ஆய்வை ஒருங்கிணைத்து நடத்தியது. 12 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. வீட்டைத் தேர்ந்தெடுப்பது புள்ளியியல். என்ன கேட்பது, பதிலை எப்படி நோய் என்று எடுத்துக்கொள்வது என்பது மருத்துவமும் உளவியலும். அந்நியர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டுப் பதில் வாங்குவது கள ஆய்வு. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது என்று நாம் சொல்ல முடிவது இத்தனை பேர் சேர்ந்து வேலை செய்ததால்தான்.

அடுத்தது சம்மதம். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேருக்குக் காட்டும் பதிவுகளை மாற்றி, அவர்களுடைய மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. 2014-ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. யாரிடமும் தனியாகச் சம்மதம் கேட்கவில்லை. உளவியல் மாணவர் ஒருவர் பத்துப் பேரை வைத்து ஆய்வு செய்யவே எதிக்ஸ் கமிட்டி முன் நிற்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்த வழக்கு, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்தது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. இதையெல்லாம் கடைசி செமஸ்டரில் ஒரு மணி நேர லெக்சராக முடித்துவிடும் படிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதனால் பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது பிளேஸ்மென்ட் எத்தனை லட்சம் என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கூடவே பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பழைய பி.ஏ. சைக்காலஜியில் பைதான் கோடிங் என்று ஒரு பேப்பரைச் செருகிப் புதுப்பெயர் வைத்திருந்தால், அந்தக் கூடுதல் ஃபீஸைக் கட்டாதீர்கள். மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேள்வி கேட்கிறார்களா, தாங்களே சேகரித்த தரவைத் தாங்களே அலசுகிறார்களா, ஒரே ப்ராஜெக்டை உளவியல் ஆசிரியரும் புள்ளியியல் ஆசிரியரும் சேர்ந்து திருத்துகிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்தால் நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் தனியாக வேண்டும். இந்தப் படிப்பு பொதுச் சுகாதாரம், கல்வி, கொள்கை ஆய்வு, சந்தை ஆய்வு, ஆப் தயாரிக்கும் நிறுவனங்களில் பயனர் ஆய்வு போன்ற வேலைகளுக்கானது. பெங்களூருவில் அந்த வேலைகளுக்குப் பஞ்சமில்லை.

மாணவர்கள் கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நான் சொன்ன நேரப் பயன்பாட்டு ஆய்வின் தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேள்வித்தாளும் கூடவே கிடைக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் எழுத முடியாமல் திணறினீர்கள் என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு என்னைப் பார்க்க வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

நன்றி. வணக்கம்.