சுண்டு விரலில் நின்ற மோதிரம்

நேயர்களுக்கு வணக்கம். நிச்சயதார்த்த மோதிரத்தை ஆன்லைனில் வாங்குவதா, நம் ஊர் நகைக்கடையில் வாங்குவதா என்பது பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக்கு 32 வருடம் நகை மதிப்பீட்டாளராக இருந்தேன். அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து ஊதுகுழல் ஊதியிருக்கிறேன். இடையர் வீதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை, உமி ஓடு, ஒரு தராசு, அவ்வளவுதான். ஆகவே என் கையில் வந்து போன மோதிரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் சந்தோஷமாக வாங்கியவையும் உண்டு, கண்ணில் நீரோடு அடகு வைக்க வந்தவையும் உண்டு.

எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவதுதான். வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை. மாப்பிள்ளைக்கு மோதிரம் கல்யாணத்தன்று மாமனார் வீட்டில் போடுவார்கள். பெண்ணும் பையனும் மேடையில் நின்று ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போடுவதை நான் முதலில் பார்த்தது ஒரு கிறிஸ்தவ நண்பர் வீட்டில். இப்போது எல்லாரும் செய்கிறார்கள், நல்லதுதான். பெரியவர்கள் கடைக்குப் போய் "இது போதும்பா, கெட்டியா இருக்கு" என்று எடுத்து வந்த நிலை போய், போட்டுக்கொள்ளப் போகிறவர்களே ராத்திரி போனில் படம் படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. என் கவலையெல்லாம் விரலைப் பற்றித்தான். போனில் பார்க்கும்போது மோதிரம் தெரிகிறது, விரல் தெரிவதில்லை.

என் தங்கை மகள் நிச்சயத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை, ரொம்பப் பொறுப்பான பையன். பெண்ணுக்குத் தெரியாமல் வாங்கித் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவள் தம்பியிடம் ரகசியமாக அளவு கேட்டிருக்கிறான். தம்பிக்காரன் என்ன செய்தான், மார்கழி மாசத்துக் காலை, அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது தையல் நூலை விரலில் சுற்றி, பேனாவால் குறி வைத்து, ஸ்கேலில் வைத்து அளந்து அனுப்பிவிட்டான். 51 மில்லிமீட்டர். மாப்பிள்ளையும் அதற்குத் தகுந்த நம்பரில் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டான். மெல்லிய வளையம், 18 காரட், சுற்றிலும் ஒரு இடம் விடாமல் பொடி வைரம். பார்க்க அவ்வளவு அழகு, நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கல் பதித்தவருக்கு நல்ல கை.

நிச்சயம் நடந்தது வைகாசியில், திருப்பூரில் ஒரு மண்டபத்தில், சாயங்காலம். வெக்கை. பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்து விரலில் போடுகிறான், நகத்தைத் தாண்டுகிறது, முதல் கணுவைத் தாண்டுகிறது, நடுக் கணுவில் வந்து நின்றுவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் "தள்ளு மாமா, தள்ளு" என்று சிரிக்கிறார்கள். சமையல்கட்டிலிருந்து யாரோ தேங்காயெண்ணெய் கொண்டு வந்தார்கள். விரல் சிவந்து போனதுதான் மிச்சம். வீடியோக்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன், அவன் நன்றாக இருக்கட்டும், ஒரு வார்த்தை பேசாமல் மோதிரத்தை மெதுவாகச் சுழற்றி எடுத்து, அவள் சுண்டு விரலில் போட்டான். சரியாகப் பொருந்தியது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். நூல் சுற்றியது விரலின் அடிப்பாகத்தில், மோதிரம் தாண்ட வேண்டியதோ கணுவை. நூலை இறுக்கிச் சுற்றினால் அளவு குறையும். அப்புறம், குளிர்ந்த காலையில் விரல் ஒடுங்கியிருக்கும், வெயில் காலத்துச் சாயங்காலத்தில் உப்பியிருக்கும். மோதிரத்தில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுற்றளவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு மில்லிமீட்டர்! அந்த ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒரு நம்பர் தவறும். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போதும் வீடு வீடாக நூலாலும் காகிதத்தாலும்தான் அளக்கிறார்கள்.

சரி, அளவு தவறினால் பெரிது பண்ணிக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். கம்பெனிக்குப் போன் போட்டார்கள். வாங்கி மாதக்கணக்காகிவிட்டது, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, அதோடு இந்த டிசைனில் அளவு மாற்ற முடியாது என்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. நான் எனக்குத் தெரிந்த பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்ட இடமே இல்லைங்களே" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு மோதிரத்தைப் பெரிது பண்ணுவது என்றால், உள்ளங்கைப் பக்கம் வருகிற வெறும் தங்கத்தில் வெட்டி, விரித்து, இடைவெளியில் அதே தரத் தங்கத்தில் ஒரு துண்டு வைத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி ஒட்டி, அரம் போட்டு மெருகு ஏற்றுவார்கள். சிறிது பண்ண வேண்டுமானால் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஒட்டுவார்கள். இரண்டுக்கும் பின்பக்கம் வெறும் தங்கம் இருந்தாக வேண்டும். சுற்றிலும் கல் இருந்தால் கை வைக்கவே முடியாது, வேறு மோதிரம்தான் செய்ய வேண்டும். ஆகவே எங்கே வாங்கினாலும் சரி, ஆன்லைனோ, கடைவீதியோ, பின்பக்கம் வெறும் தங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருபத்தைந்து வயது விரல் ஒரு பிரசவத்துக்குப் பிறகு அதே விரலாக இருக்காது. இது நிச்சயத்தன்று ஒரு நாள் போட்டுக் கழற்றுகிற பொருள் இல்லை. இன்னும் முப்பது நாற்பது வருடத்துக்கு அதை யாராவது கையில் வாங்கி, பார்த்து, அளவு மாற்றி, ஆடுகிற கல்லை இறுக்கித் தர வேண்டும். அந்த ஆள் யார் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடை பக்கம் நான் சாய்வது இதனால்தான், வேறு காரணம் இல்லை. கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறது.

ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. பெண்ணை ஏதாவது ஒரு சாக்கு சொல்லி, தெரிந்த நகைக்கடைக்குக் கூட்டிப் போய், அளவு வளையக் கொத்தைப் போட்டுப் பாருங்கள். சாயங்காலமாகப் போங்கள். எந்தக் கையில், எந்த விரலில் போடப் போகிறாளோ அதில் அளவெடுங்கள், வலது கை விரலும் இடது கை விரலும் ஒன்றாக இருப்பதில்லை. பட்டையான மோதிரம் என்றால் ஒரு நம்பர் கூட்டி எடுங்கள், அகலமானது இறுக்கிப் பிடிக்கும். மோதிரம் வந்த அன்றே, கெடு இருக்கும்போதே, போட்டுப் பாருங்கள். ரகசியம் போனால் போகட்டும்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. ஆன்லைன் கடைகள் நமக்கு ஒரு பெரிய நன்மை செய்திருக்கின்றன. மோதிரத்தின் கீழேயே தங்கம் எத்தனை கிராம், கல்லின் எடை எத்தனை சென்ட், தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்று வரி வரியாகப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் இது பழக்கமே இல்லை. பள்ளிக்கூட இலக்கணத்தில் குழூஉக்குறிக்கு என்ன உதாரணம் படித்தோம்? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று. வாங்க வந்தவருக்குப் புரியக் கூடாது என்றே ஒரு பாஷை வைத்திருந்த தொழில் இது. பெற்ற தாயின் நகையிலும் கொஞ்சம் எடுப்பான் தட்டான் என்று பழமொழி வேறு. என் அப்பா கடைசிவரை அரைக் குன்றிமணி எடுத்தவர் இல்லை, அந்தப் பழமொழியை யாராவது சொன்னால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். ஆனால் அது ஏன் வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மா வங்கிக்கு ஒரு கல் மோதிரம் கொண்டு வந்தார். தராசில் 6 கிராம் 200 மில்லி. ரசீதிலும் அதே எடை, அத்தனைக்கும் தங்க விலை போட்டு, ஒரே வரியில் மொத்தத் தொகை. கல்லுக்கு நான் ஒன்றேகால் கிராமுக்கு மேல் கழிக்க வேண்டியிருந்தது. வைரம் இல்லை, சிர்கோனியாக் கல். அந்தக் கல் பார்க்க வைரம் மாதிரி இருக்கும், ஆனால் அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கல்லைத் தங்க விலைக்கு வாங்கியிருக்கிறார் பாவம், மகள் காலேஜ் பீஸுக்கு அடகு வைக்க வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. இது உள்ளூர்க் கடைவீதியில் நடந்தது. அதனால் கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக ரசீதைப் படிக்காமல் மடித்துப் பையில் வைக்காதீர்கள். மொத்த எடை தனி, கல் எடை தனி, நிகரத் தங்க எடை தனி, இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். 18 காரட் மோதிரத்துக்கு 18 காரட் விலை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், உங்கள் காசு.

கணக்கு ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம், கேட்டால் போதும். வசதிக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் இல்லாத 4 கிராம் மோதிரம், தங்கம் 40,000. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து 18 சதவீதம் என்றால் 7,200. இரண்டையும் கூட்டி அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,416. பேரம் பேச இடம் இருப்பது அந்த நடு வரியில் மட்டும்தான். தங்க விலையில் பேச முடியாது, வரியில் பேச முடியாது. ஆன்லைனில் அதே எடையில் செய்கூலி என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதைப் போனில் வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போங்கள். நிறையப் பேருக்கு இறங்கி வந்திருக்கிறது.

வங்கி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அடகு வைக்கும்போது கல்லுக்கு ஒரு பைசா கடன் கிடையாது, வைரமாகவே இருந்தாலும். தங்கத்தின் நிகர எடையும் தரமும்தான் கணக்கு. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வைரம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, ஆசைக்கு வாங்குங்கள், ஆபத்துக்கு உதவும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது ஹால்மார்க், தங்கத்தின் தரத்தைச் சோதித்துப் போடுகிற முத்திரை. 2021 ஜூனில் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கம், மோதிரத்தின் உள்பக்கம் இருக்கும். பக்கத்தில் முக்கோண முத்திரை, அப்புறம் 22 காரட் என்றால் 916, 18 காரட் என்றால் 750. போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த ஆறையும் தட்டினால், எந்த நகைக்கடையின் பதிவு, எங்கே சோதித்தார்கள், மோதிரமா வளையலா, என்ன தரம், எல்லாம் வந்துவிடும். பார்சலில் வந்த மோதிரத்தையும் பார்க்கலாம், பெரிய கடை வீதியில் வாங்கியதையும் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள், இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. போனில் விலை குறைவாகத் தெரிகிற மெல்லிய மோதிரங்கள் பல அந்த எடைக்குள்தான் வரும். அளவு மாற்றக் கொடுக்கும்போது, அந்த எண் இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டாம் என்றும் பத்தரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். ஆய்வகத்தில் வளர்க்கிற வைரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். அது போலி இல்லை, அதுவும் கரிதான், வைரம்தான். சூரத்தில் செய்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்றே மத்திய அரசு பணம் ஒதுக்கி ஆராய்ச்சி நடக்கிறது. 32 வருடம் கல் பார்த்த என் கண்ணாலேயே அதைப் பிரித்துச் சொல்ல முடியாது, கடையில் கல்லைத் தொட்டுப் பார்க்கும் சின்ன மெஷினாலும் முடியாது. விலை சில வருடங்களிலேயே ரொம்ப இறங்கிவிட்டது, ஆகவே சுரங்க வைரத்தின் விலையைக் கொடுத்து இதை வாங்கிவிடக் கூடாது. சான்றிதழில் இருக்கும் எண்ணைக் கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொடியாக எழுதியிருப்பார்கள், கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். வைரத்தைச் சோதித்துச் சான்று தருகிற ஐ.ஜி.ஐ. நிறுவனத்தின் சான்றிதழாக இருந்து எண் எல்.ஜி. என்று தொடங்கினால் அது வளர்த்த கல். ஏதாவது தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். ஆன்லைன் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

தங்கை மகள் அந்த மோதிரத்தை இன்றைக்கும் சுண்டு விரலில்தான் போட்டிருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள், ஒரு கல் லேசாக ஆடுகிறது மாமா என்று காட்டினாள். பத்தரிடம் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார். வணக்கம்.