"பலனை எதிர்பார்க்காதே" என்று தொழிலாளரிடம் சொல்லலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், செம்பனை எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறாராம். கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "ஐயா, எங்கள் ஆலையில் ஆட்கள் ஏனோதானோ என்று வேலை செய்கிறார்கள், நல்ல ஆட்கள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். ஊழியர்களுக்கு ஈடுபாடு வருகிற மாதிரி ஏதாவது செய் என்று மேலிடத்தில் சொன்னார்கள். 'கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன், காலையில் ஆட்கள் கூடும்போதும் விளக்கிச் சொன்னேன். ஓவர்டைம் காசு பாக்கி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். அதற்கப்புறம் நிலைமை இன்னும் மோசம். ஆன்மிகம் எல்லாம் வேலை இடத்துக்கு ஒத்துவராதா?"

ஒத்துவரும் தம்பி. ஆனால் நீங்கள் அந்த சுலோகத்தை யாரிடம் சொன்னீர்கள் என்று பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

கீதை இரண்டாம் அத்தியாயம், 47ஆவது சுலோகம், கர்மண்யேவாதிகாரஸ்தே. கிருஷ்ணர் இதைச் சொன்னது அர்ஜுனனிடம். அவன் அரசகுமாரன், அவன் வில்லைக் கீழே போட்டால் ஒரு படையே தளர்ந்து போகும், அப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறவன். குதிரைக்குப் புல் போடுகிற ஆளைக் கூப்பிட்டு "கூலி கேட்காதே" என்று கிருஷ்ணர் சொல்லவே இல்லை. மேலே இருக்கிறவன் தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை அது. ஜெயிப்போமா, பேர் கிடைக்குமா, பதவி உயர்வு வருமா என்ற கவலையில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைக் கோட்டை விடாதே என்பதற்காகச் சொன்னது. அதை எடுத்துக் கீழே இருக்கிறவனுடைய சம்பளத்துக்கு நேராக நீட்டினால் அது உபதேசமாக இருக்காது, மிரட்டலாகத்தான் அவன் காதில் விழும். போர்டில் இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஓவர்டைம் காசை நீங்கள் "பலன்" என்று நினைத்துவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வேலை முடிந்த பிறகு கூலி கொடுப்பது முதலாளி பக்கத்துக் கடமை. 2023 ஜனவரியிலிருந்து நம் மலேசியச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. சாதாரண நாளில் அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இதெல்லாம் அவன் "எதிர்பார்க்கிற" விஷயம் இல்லை, அவனுக்குச் சேர வேண்டியது. அவன் தன் கடமையைச் செய்துவிட்டான், இப்போது கடமை பாக்கி வைத்திருப்பது உங்கள் பக்கம். கீதையைக் காட்டி அந்தப் பாக்கியை மறைக்கக் கூடாது, அது கீதைக்கே செய்கிற அநியாயம்.

சரி, தலைமை பற்றி கீதையில் எங்கே பார்ப்பது என்று கேட்டால், மூன்றாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். 11ஆவது சுலோகத்தில் பரஸ்பரம் பாவயந்தஹ என்று வரும், ஒருவரை ஒருவர் போற்றி வளர்த்துக்கொண்டால் இரு தரப்பும் மேலான நன்மையை அடைவீர்கள் என்று. அடுத்த சுலோகம் இன்னும் கடுமை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் அனுபவிக்கிறவன் திருடன்தான் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார். அங்கே பேச்சு தேவர்களையும் மனிதர்களையும் பற்றியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் அடுத்ததில், தனக்காக மட்டும் சமைத்துச் சாப்பிடுகிறவன் பாவத்தையே உண்கிறான் என்று நம் வீட்டு அடுப்படி வரைக்கும் அதைக் கொண்டுவந்து விடுகிறார். பாய்லர் சூட்டில் இரவு ஷிப்ட் முழுக்க நிற்கிறவனுடைய உழைப்பும் நீங்கள் வாங்கிக்கொண்ட ஒன்றுதானே, அதற்கு என்ன திரும்பப் போகிறது என்று கேட்பது ரொம்பவே நியாயமான கேள்வி.

நீங்கள் இருக்கிற ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, வேலையும் போய், தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீடும் போய் நம் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளிகளுடைய சேமிப்பையே பங்காகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரே தோட்டத்தில் பங்குதாரர். பலனை நினைக்காதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, பலனில் பங்கு வாங்கிக்கொள் என்றார். ஊழியர் ஈடுபாடு என்று இப்போது ஹோட்டலில் வைத்துப் பயிற்சி நடத்துகிறார்களே, அதற்கெல்லாம் முன்னாலேயே நம் தோட்டத்து மக்கள் மத்தியில் நடந்த காரியம் இது.

மகாபாரதத்தில் துரோண பர்வத்தில் ஒரு இடம் உண்டு, ஆள் நடத்துகிற எல்லோரும் அதைப் படிக்க வேண்டும் என்பேன். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்த நாள் அது. ஒவ்வொரு நிமிஷமும் உயிர். அந்த நாளில், போர்க்களத்தின் நட்டநடுவில், குதிரைகள் களைத்துவிட்டன, உடம்பெல்லாம் அம்பு தைத்திருக்கிறது என்று தேரை நிறுத்துகிறார்கள். அர்ஜுனன் கீழே இறங்கி நின்று சுற்றி வருகிற எதிரிகளைத் தடுக்கிறான், அம்பால் பூமியைப் பிளந்து தண்ணீர் வரவைக்கிறான். கிருஷ்ணர், அவர் யார் என்று நமக்குத் தெரியும், அவர் தம் கையாலேயே குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, தீனி கொடுத்து, களைப்புத் தீர்ந்த பிறகுதான் மறுபடி பூட்டுகிறார். நான் தொழிலாளியைக் குதிரை என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குதிரைக்கே அவ்வளவு பார்த்தார்கள் என்கிறேன். குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஏற்ற வேண்டும், லோரி வரிசையில் நிற்கிறது, அவசரம்தான், எனக்குப் புரிகிறது. அந்த அவசரத்திலும் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் தொடர்ந்து டபுள் ஷிப்ட் பார்க்கிறார் என்று நீங்களே போய்ப் பார்க்கிறீர்களா, இல்லை ஆபீஸ் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்க்கிறீர்களா?

இன்னொன்று. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் வங்காளதேசி, நேபாளி, இந்தோனேசியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் கீதை வகுப்பு எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். படிக்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். உயர்ந்தவன் எதைச் செய்கிறானோ அதையே மற்றவர்கள் செய்கிறார்கள் என்று மூன்றாம் அத்தியாயம் 21ஆவது சுலோகம் சொல்கிறது, அதற்கு மொழியும் வேண்டாம், மதமும் வேண்டாம். அந்தக் காலத்துத் தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கிற பெரட்டில் கத்திக்கொண்டே நின்ற மண்டோரையும் (மேற்பார்வையாளரையும்) நம் பெரியவர்களுக்குத் தெரியும், மழையில் கூடவே நனைந்த மண்டோரையும் தெரியும். யாருக்காக மனசு வைத்து வேலை செய்தீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பாராட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு காரியம் முடிய ஐந்து காரணங்கள் என்று வரும்: இடம், செய்கிறவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவது தெய்வம். இப்படியிருக்க, நான் ஒருவனே செய்தேன் என்று பார்க்கிறவன் சரியாகப் பார்க்கவில்லை என்கிறார். இந்த மாதம் எண்ணெய் நன்றாக இறங்கினால் மேலிடத்துக்குப் போகிற அறிக்கையில் யார் பேர் இருக்கிறது? மழையில் காய் குறைந்தால் யார் திட்டு வாங்குகிறார்? இதை நேர் செய்தாலே பாதிச் சலிப்பு போய்விடும்.

அதற்காக எல்லோரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறவன் இருப்பான், அவனைத் தனியாகக் கூப்பிட்டு உறுதியாகச் சொல்லுங்கள், ஆட்கள் முன்னால் வேண்டாம். இதனை இதனால் இவன்முடிக்கும் என்று வள்ளுவர் சொன்னபடி ஆளைப் பார்த்து வேலையைக் கொடுங்கள், கொடுத்த பிறகு தோள்மேல் நின்று எட்டிப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, "முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் என்ன செய்வது, நானும் சம்பளக்காரன்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 47ஆவது சுலோகம் உங்களுக்கு இங்கேதான் வேண்டும். போய்க் கேட்பது உங்கள் கையில் இருக்கிறது, அவர் சரி என்பாரா என்பது உங்கள் கையில் இல்லை. வெறும் கையோடு போகாதீர்கள், யார் யாருக்கு எத்தனை மணி நேர ஓவர்டைம் பாக்கி என்று தேதி போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், இதனால் எத்தனை நல்ல ஆட்கள் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் அவர் மசியவில்லை, ஆட்கள் தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறார்கள் என்றால் தடுக்காதீர்கள். மணிக்கணக்கைக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள்.