பீரோவில் இருந்த ஊசி

டாக்டர்கள், சிஸ்டர்கள் எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஓ.பி.யை முடித்து, பாதி பேர் சாப்பிடாமலேயே வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2018-இல் ஒரு தாலுகா மருத்துவமனையில் எனக்கு இரவு டியூட்டி. சுகப்பிரசவம்தான். குழந்தை நன்றாக அழுதது, நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஓடிக்கொண்டிருந்தது, அதே வேலைக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் வைத்தோம், சிஸ்டர் ஒருவர் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 108-ஐ வரவழைத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். அந்த அம்மா பிழைத்தார், நிறைய ரத்தம் ஏற்றித்தான். மறுநாள் அங்கிருந்த டாக்டர் போன் செய்து, "டிரானெக்சாமிக் ஆசிட் போட்டீங்களா?" என்று கேட்டார். நான் போடவில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து அது, மாதவிடாயில் அதிகமாகப் படுகிறது என்று வருபவர்களுக்கு நானே மாத்திரையாக எழுதிக் கொடுப்பேன், ஊசியும் எங்கள் பீரோவிலேயே இருந்தது. பிரசவ ரத்தப்போக்குக்கு 3 மணி நேரத்துக்குள் அதைப் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இலேயே சொல்லிவிட்டது, எனக்கு அது வந்து சேரவில்லை. அந்த வருடம் என் சி.எம்.இ., அதாவது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவப் பயிற்சியின், கிரெடிட் கணக்கு சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தேன். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற அம்மையாரும் அவர் கணவரும் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. அந்த அம்மையார் மனதில் இருந்ததே பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் பெண்கள்தான், ஆனால் அதைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டபோது அங்கிருந்த மகப்பேறு மருத்துவர்கள் சம்மதிக்கவில்லை. 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவர 2017 ஆகிவிட்டது. 3 மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அதன் பிறகு போட்டால் பலன் இல்லை. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலனில் 10 சதவீதம் போய்விடுகிறது என்று அடுத்து வந்த ஒரு கணக்கு சொல்கிறது. ஆய்வு முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில், உட்டாகோ அம்மையார் இறந்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். ஐம்பது வருடம் அந்த மருந்து காத்திருந்தது, அதற்கு மேல் நானும் என் பங்குக்கு ஒரு வருடம் காக்க வைத்தேன்.

சரி, நமக்குப் பயிற்சி இல்லையா என்றால், இருக்கிறது. ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் சி.எம்.இ. என்று 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு அரை மணி. அந்த அரை மணியும் எப்படிப் போகிறது? ஏ.சி. ஹாலில் ஒரு நிபுணர் அறுபது ஸ்லைடு காட்டுவார், நாம் கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு, சான்றிதழோடு பஸ் பிடிப்போம். வெறும் விரிவுரை கேட்பது மருத்துவரின் வேலைமுறையை மாற்றுவதில்லை, கேள்வி கேட்டு, செய்து பார்த்துப் பழகும் வகுப்புதான் மாற்றுகிறது என்று 1999-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். நாம் இன்னும் ஸ்லைடிலேயே இருக்கிறோம்.

வேறு வழி உண்டு என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று வந்த நோயாளிகள் ஒரே ஒரு பெரிய மருத்துவமனையில் எட்டு மாதம் காத்துக் கிடந்தார்கள். அங்கே கல்லீரல் மருத்துவராக இருந்த சஞ்சீவ் அரோரா 2003-இல் எக்கோ என்று ஒன்றை ஆரம்பித்தார். கிராமத்து டாக்டர்களும் சிறை டாக்டர்களும் வாரத்துக்கு ஒரு நாள் வீடியோவில் கூடி, அவரவர் நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள், எல்லாரும் சேர்ந்து வைத்தியம் முடிவு செய்வார்கள். 2011-இல் முடிவைப் பார்த்தபோது, பெரிய மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமத்திலும் சிறையிலும் 58.2. நோயாளியும் ஊரை விட்டுப் போகவில்லை, டாக்டரும் போகவில்லை.

நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. குடும்ப மருத்துவத்தில் இரண்டு ஆண்டு தொலைநிலைப் பட்டயம் நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் வேலையை விடாமலேயே படிக்கலாம். ரெஃபர் செய்வதைக் குறைத்து இங்கேயே தீர்த்துவைப்பது என்பதுதான் அதன் நோக்கம். பி.ஜி. சீட் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக அதைப் பார்க்காதீர்கள், தினமும் நம் ஓ.பி.யில் வந்து உட்காரும் நோய்களுக்கான படிப்பு அது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அன்று இரவு ஊசியைப் போட வேண்டியது நான் என்றாலும், பீரோ சாவி சிஸ்டரிடம்தான் இருந்தது. பயிற்சிக்கு டாக்டரை அனுப்பிவிட்டு, "வார்டில் ஆள் இல்லை" என்று ஸ்டாஃப் நர்ஸை நிறுத்திவைக்கிறோம். அவசரத்தில் ஒன்றாக ஓடுபவர்கள் தனித்தனியாகப் படித்தால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் இந்த மாதாந்திரக் கூட்டத்துக்கு சிஸ்டர்களையும் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். முன்வரிசைக்கு வாருங்கள், பேசுங்கள்.

இங்கே ஸ்லைடு கிடையாது. ஆளுக்கு ஒரு கேஸ், பத்து நிமிடம், தப்பாகப் போன கேஸாக இருந்தால் இன்னும் நல்லது. யாரும் யாரையும் திட்டப்போவதில்லை, நோயாளியின் பெயர் இந்த அறையில் வராது. அடுத்த கூட்டத்துக்குள் ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள்: உங்கள் பிரசவ அறையில் டிரானெக்சாமிக் ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது, காலாவதி தேதி என்ன, ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி யார் கையில் இருக்கும் என்று போய்ப் பாருங்கள். முதல் கேஸ் என்னுடையது, இப்போது சொல்லிவிட்டேன். அடுத்தது யார்?