வெண்பனியில் பறவையைப் படமெடுக்க

நேயர்களுக்கு வணக்கம்.

வெண்பனி மூடிய நிலத்தில் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேமராவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால், லென்ஸுக்கு எதிரே இருக்கிற உயிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வட அமெரிக்கக் காடுகளில் கருந்தொப்பிச் சிக்கடீ என்று ஒரு சின்னஞ்சிறு பறவை உண்டு. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான் தேறும். குளிர்காலம் வந்தாலும் அது தன் காட்டை விட்டுப் போவதில்லை. கடுங்குளிர் இரவுகளில் ஒரு மரப்பொந்துக்குள் ஒடுங்கி, உடல் வெப்பத்தை வழக்கத்தைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. விடியும்போது அந்தக் கொழுப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும். குறுகிய பகலுக்குள் அவ்வளவையும் திரும்பச் சேர்த்தாக வேண்டும். நல்ல கோணம் வேண்டும் என்று நாம் அதைக் கிளைக்குக் கிளை விரட்டினால், அடுத்த இரவுக்கான சேமிப்பு அங்கேயே கரைகிறது. கோடையில் பறவையைக் கலைத்தால் நமக்குப் படம் போகும். கடுங்குளிரில் கலைத்தால் அதற்கு உயிரே போகலாம்.

ஆகவே பனியில் படமெடுக்கும் கலை முழுவதும் ஒன்றில்தான் போய் நிற்கிறது. அந்த உயிர் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, நாம் படத்தோடு திரும்ப வேண்டும்.

குளிரில் நிம்மதியாக இருக்கிற பறவையை உற்றுப் பாருங்கள். இறகுகளை உப்ப வைத்து உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இறகுகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் அதற்குப் போர்வை. ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். சில நேரம் அலகும் முதுகு இறகுக்குள் புதைந்திருக்கும். நாம் ஓரடி கூடுதலாக வைத்துவிட்டால் முதலில் மாறுவது இந்த உருவம்தான். மடக்கிய கால் கீழே இறங்கும். உப்பிய இறகுகள் உடலோடு படியும். கழுத்து நீண்டு, உருண்டைப் பறவை ஒல்லியாகிவிடும். ‘இன்னும் பறக்கவில்லையே’ என்று அடுத்த அடியை வைக்கக் கூடாது. அங்கேயே நின்றுவிட வேண்டும்; இரண்டடி பின்வாங்கினால் இன்னும் நல்லது. பொறுத்திருந்தால் இறகுகள் பெரும்பாலும் மறுபடி உப்பும். நம்மைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

டார்மிகன் போன்ற பனிக்கோழிகள் பனிக்குள்ளேயே குழி பறித்துப் புதைந்து உறங்கும். வெளியே இருப்பதைவிட உள்ளே வெகு கதகதப்பு. பரப்பில் தனியாக ஒரு துளையோ, நடுவழியில் நின்றுபோன கால்தடமோ கண்ணில் பட்டால் சுற்றிக்கொண்டு போங்கள்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். பனியில் எடுத்த படம் சாம்பல் பூத்து வந்திருக்கிறது என்று பலரும் குறைப்படுவார்கள். காரணம் எளிது. நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்று, ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவது, தன் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. புதிதாக விழுந்த பனியோ 80, 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். கேமரா மிரண்டுபோய் ஒளியைக் குறைத்துவிடுகிறது. எனவே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, நீங்களே கூட்டுங்கள். ஒரு ஸ்டாப்பில் தொடங்குங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காகும். வெயில்படும் பனி சட்டகத்தை நிறைத்திருந்தால் இரண்டு வரை போகலாம். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு வலது ஓரத்தை நெருங்க வேண்டும், மோதிவிடக் கூடாது.

பறக்கும் பறவை என்றால் எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிவிடுவது என் வழக்கம். பனிச்சரிவுக்கு முன்னால் தொடங்கிய பறவை, அடுத்த நொடியில் கருத்த பைன் மரங்களுக்கு முன்னால் போகும். பின்னணி மாறிவிட்டது, பறவையின் மேல் விழும் வெளிச்சம் மாறவில்லை. தானியங்கி முறைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பனி தருகிற பெரிய கொடை ஒன்று உண்டு. மற்ற பருவங்களில் தலைக்கு மேலே பறக்கும் பருந்தைப் படமெடுத்தால் அதன் அடிப்பக்கம் இருட்டாகத்தான் வரும். பனி படர்ந்துவிட்டால் நிலம் கீழிருந்து ஒளியை அள்ளி வீசுகிறது. இறக்கையின் அடியில் ஒவ்வோர் இறகின் பட்டையும் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல்கூட விலகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் இந்த மென்மையான ஒளியைத் தராது. போதாததற்கு, உயர்ந்த அட்சரேகைகளில் குளிர்காலச் சூரியன் நடுப்பகலிலும் தாழ்ந்தே இருக்கும். மற்றக் காலங்களில் காலையும் மாலையும் மட்டும் கிடைக்கிற சாய்வெயில் அங்கே வெகுநேரம் கிடைக்கிறது.

பனியின் நிழல் நீலமாக விழும். நீல வானத்தின் ஒளிதான் அங்கே படிகிறது. அந்த நீலத்தை முழுவதும் நீக்கிவிடாதீர்கள் என்பேன். அது போனால் குளிரும் படத்தைவிட்டுப் போய்விடுகிறது. கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

பனி பொழிந்துகொண்டிருக்கும் போது கிளம்பத் தயங்குகிறவர்கள் நல்ல படங்களைத் தவறவிடுகிறார்கள். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் பனித்திவலைகள் புள்ளிகளாக நிற்கும். அறுபதில் ஒரு பங்கு என்றால் கோடுகளாக இறங்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு இரண்டாவது அழகு. ஃபோகஸ் நடுவில் விழும் திவலையைப் பிடித்துக்கொண்டு அலையும். ஒரே ஒரு சிறு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து பறவையின் கண்ணில் வைத்துப் பூட்டுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அருகில் விழும் திவலைகள் எல்லாம் வெள்ளைத் திட்டுகளாகப் படத்தை மூடும்.

நிறுத்திய காருக்குள் இருந்தபடி எடுப்பது நல்ல வழி. காரைப் பல விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. இன்ஜினையும் ஹீட்டரையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி வெகுநேரம் பொறுங்கள். உள்ளிருக்கும் வெப்பக்காற்று ஜன்னல் வழியே வெளியேறும் வரை லென்ஸுக்கு முன்னால் காற்று நெளிந்துகொண்டே இருக்கும். படம் மங்கலாக வந்ததற்கு லென்ஸைப் பழி சொல்கிறவர்கள் பலருக்கு உண்மையான காரணம் இந்த நெளிவுதான்.

எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய், கரடியிடமிருந்து 100 கெஜம், காட்டெருமை முதலிய மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜம் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாத இடத்திலும் இதற்குக் குறையாதீர்கள். ஆந்தை தாழப் பறந்து வரட்டும் என்று பனியில் எலியை விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது எனக்குச் சற்றும் ஏற்புடையது அல்ல. மனிதனையும் சாலையோரத்தையும் இரையோடு சேர்த்துப் பழகிவிட்ட ஆந்தை, வண்டியில் அடிபட்டுச் சாகும்.

விலகி நின்றே எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவைப் பாருங்கள். உச்சந்தலையில் சிவப்புத் திட்டுள்ள பெருங்கொக்குகள் அங்கே அற்றுப்போய்விட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1924-ஆம் ஆண்டு குஷிரோ சதுப்பு நிலத்தில் விரல்விட்டு எண்ணும்படி ஒரு சில மட்டும் தென்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் ஒரு கொடுங்குளிர்காலத்தில் ஊர்மக்கள் மக்காச்சோளம் போட்டு அவற்றைக் காப்பாற்றினார்கள். இன்று ஆயிரத்துக்கு மேல் பெருகியிருக்கின்றன. ட்சுருய் என்ற ஊரில், உறையாமல் ஓடும் ஆற்றில் காலை ஊன்றியபடி அவை இரவைக் கழிக்கின்றன. காற்றைவிட அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பானது. விடியற்காலையில் நீராவி எழும், கரையோர மரங்களில் உறைபனி பூத்திருக்கும். படமெடுப்பவர்கள் தொலைவில் ஒட்டோவா பாலத்தின் மேலேயே நின்றுகொள்கிறார்கள். சட்டகத்தில் கொக்குகள் சிறியவைதான். ஆறும் ஆவியும் மரமும் சூழ அந்தச் சிறிய உருவங்கள் நிற்பதை, இறகு இறகாகத் தெரியும் எந்த நெருக்கப் படத்தைவிடவும் உயர்வாக மதிக்கிறேன்.

கருவியைப் பற்றி இரண்டே வார்த்தை. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரிகளை உடலை ஒட்டிய பையில் வையுங்கள். சோர்ந்ததையும் அங்கேயே வைத்தால் சூடேறியதும் இன்னும் சில படங்களுக்கு வரும். திரும்பும்போது, வெளியில் இருக்கும்போதே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடிவிடுங்கள். அறைக்குள் போனதும் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், லென்ஸில் படியாது. கேமரா அறையின் வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரமாவது ஆகும். கார்டுதான் கையில் இருக்கிறதே, அதற்குள் படங்களைப் பார்த்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.