சேவலுக்குப் பணம் கொடுத்தாயிற்று, அப்புறம்?

நடுவர் அவர்களே, வணக்கம். வீட்டு நிம்மதியைக் கெடுப்பது பக்கத்து வீடா, சொந்த வீடா என்பது தலைப்பு. பக்கத்து வீடுதான் என்று பேசிய எதிரணி அண்ணன் நம்மை லண்டன் வரை கூட்டிப் போனார். செல்சியில் சேனி ரோ என்ற தெரு, 5ஆம் எண் வீடு, 1834இல் அங்கே குடிவந்த எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அவர் மனைவி ஜேன், அப்புறம் பக்கத்து வீட்டுச் சேவல். அது கூவிக் கூவி அந்த மனுஷன் தூக்கத்தையும் எழுத்தையும் கெடுத்ததை அண்ணன் கூவியே காட்டினார், சபையும் சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அண்ணன் பாதிக் கதையில் இறங்கிக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன்.

சத்தம் தாங்காமல் 1853இல் வீட்டு உச்சியில், இரட்டைச் சுவர் வைத்து, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி போட்டு, சத்தமே நுழையாத அறை ஒன்று கட்டத் தொடங்கினார்கள். ஐயா வேலை நடக்கும்போது ஊரிலா இருந்தார்? தூசியிலும் சுத்தியல் சத்தத்திலும் கிடந்து, வேலையாட்களோடு மல்லுக்கட்டியது ஜேன். ஒரு ஆள் மேலிருந்து கால் தவறிக் கீழறைக் கூரைப்பூச்சை உடைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் கட்டி முடித்தால், தெருச் சத்தம் ஓரளவு அடங்கியது, தேம்ஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து வேறு சத்தம் வந்தது! சேவலோ இருந்த இடத்திலேயே இருந்தது.

சரி, சேவலை யார் ஒழித்தது? அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் ஆஷ்பர்ட்டன் பிரபுவின் கிராமத்து மாளிகையில் விருந்தாளிகள். அங்கிருந்து ஜேன் மட்டும் லண்டனுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டாரிடம் பேசி, பணம் கொடுத்து, இனிமேல் கோழி வளர்ப்பதில்லை என்று எழுதியும் வாங்கினார். முடிந்தது. எதிரணி இவ்வளவு நேரம் உருகிய பக்கத்து வீட்டுப் பிரச்சினைக்கு ஆயுசு அவ்வளவுதான், நடுவர் அவர்களே. காசும் ஒரு துண்டுக் காகிதமும்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். 1855 பிப்ரவரியில் ஜேன் கணவருக்கு ஒரு வரவுசெலவுத் திட்டம் எழுதிக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் மந்திரி வாசிப்பாரே, அதே தோரணையில். நிலக்கரி விலை, மெழுகுவர்த்தி விலை, உருளைக்கிழங்கு விலை எல்லாம் ஏறிவிட்டது, ஆண்டுக்கு இன்னும் 29 பவுண்டு வேண்டும் என்று. ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் புருஷனிடம் வீட்டுச் செலவுக்கு வாய்விட்டுக் கேட்டு நடக்காமல் மனு எழுதுகிற நிலைமை! படித்துவிட்டு அவர் மனசாரப் பாராட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் எழுந்து நிற்பார்.

வேலைக்காரப் பெண்கள் கதை தனி. அங்கே குடியிருந்த காலத்தில் 30 பேருக்கு மேல் வந்து போனார்கள். ஒருவர் குடித்துவிட்டு அடுப்படியில் விழுந்து கிடந்தார். 1864இல் இன்னொருவர், ஐயா முன்னறையில் விருந்தாளியோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த சின்ன அறையில் பிள்ளை பெற்றார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் காதில் விழும் மனுஷனுக்கு, சொந்த வீட்டில் பிள்ளை பிறந்தது தெரியவில்லை. (இதற்குப் பதில் சொல்லும்போது அண்ணன் கூவ வேண்டாம், வாதம் போதும்.)

இதெல்லாம் சில்லறை. முக்கியமானது அந்த மாளிகைதான். சேவல் விவகாரத்துக்கு ஜேன் கிளம்பி வந்தார் என்றேனே, அந்த ஆஷ்பர்ட்டன் சீமாட்டி ஹாரியட்டிடம் கார்லைலுக்கு அளவுகடந்த மதிப்பு, அவர் அழைத்தால் போகாமல் இருக்கமாட்டார். தவறான உறவு என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வீட்டில் காத்துக் கிடந்தவருக்கு வலித்தது. 1855, 56இல் ஜேன் எழுதிவந்த நாட்குறிப்பில் அந்த வலி இருக்கிறது. சீமாட்டியின் லண்டன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையே கணவர் இதுவரை எத்தனை ஆயிரம் மைல் நடந்திருப்பார் என்று அதில் கேட்டிருக்கிறார்.

1866 ஏப்ரலில், கணவர் ஸ்காட்லாந்தில் இருந்தபோது, ஹைட் பூங்காவில் போய்க்கொண்டிருந்த வண்டிக்குள்ளேயே ஜேன் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் கார்லைல் அந்த நாட்குறிப்பைப் படித்தார், உடைந்துபோனார். 1881 வரை உயிரோடு இருந்தார், 15 வருஷம், அதே வீட்டில்.

எதிரணி அண்ணனிடம் ஒரே கேள்வி. அந்த 15 வருஷமும் பக்கத்து வீட்டில் எந்தச் சேவல் கூவியது?