உருளைக்கிழங்கைத் தள்ளிவைக்க வேண்டுமா?

கோடைப் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் இது: "சர்க்கரை வந்ததிலிருந்து கேரட்டையும் உருளைக்கிழங்கையும் தொடுவதே இல்லை." விளைவித்து, கழுவி, லாரி ஏற்றி ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள் தங்கள் வீட்டு உலையில் மட்டும் அதைப் போடப் பயப்படுகிறார்கள். கேரட்டைப் பற்றிய பயம் வீண். உருளைக்கிழங்கின் கதை வேறு.

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு என்ற கணக்கை டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்டார்கள். 50 கிராம் கார்போஹைட்ரேட் தரும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிடச் சொல்லி, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து மற்றதை ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம்.

அந்தத் தொடக்கப் பட்டியலில் கேரட்டுக்கு 90-ஐத் தாண்டிய எண் விழுந்தது. பிறகு அளந்தபோது 40-ஐ ஒட்டி வந்தது. ஆனால் பழைய எண் கிளப்பிய பயம் இன்னும் மலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதோடு, கேரட்டிலிருந்து 50 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்க அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். பொரியலாக ஒரு கரண்டி வைத்துக்கொள்கிறவருக்கு அந்த எண்ணால் என்ன ஆகப்போகிறது?

உருளைக்கிழங்கு அவித்த சூட்டில் பெரும்பாலும் 70-ஐத் தாண்டும். மசித்தால் இன்னும் விரைவாகச் செரிக்கும். அவித்து ஆறவைத்து, ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகிவிடும். குடலில் அது எளிதில் உடையாது; மறுநாள் சூடாக்கினாலும் ஓரளவு அப்படியே நிற்கும். இதைவிடப் பெரிய விஷயம், கிழங்கை நாம் எதோடு சேர்க்கிறோம் என்பது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைப் பொரியல் என்றால் மாவுக்கு மாவே துணை. கிழங்கு சமைத்த அன்று சோற்றைப் பாதியாக்குங்கள், போதும்.

எண்ணை மட்டும் நம்பினால் வேடிக்கையான இடத்துக்குப் போய்ச் சேருவோம். வெள்ளைச் சர்க்கரையின் குறியீடு ஏறத்தாழ 65. அவித்த கிழங்கைவிடக் குறைவு. எண்ணெயில் பொரித்த சிப்ஸும் அப்படித்தான், ஏனென்றால் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்காகச் சிப்ஸ் தின்று இளைத்தவரை நான் பார்த்ததில்லை. எடை குறைய மொத்த அளவுதான் முதலில் குறைய வேண்டும். குறியீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் எடையில் கிடைக்கும் பலன் சிறியதுதான்.

இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த மருந்து பட்டர் பீன்ஸ். அதன் மாவுச்சத்து செல் சுவருக்குள் பொதிந்திருக்கிறது, நார் இருக்கிறது, புரதம் இருக்கிறது; சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, பசி தாமதமாக வருகிறது. அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுவிட்டு ரசம் சோற்றோடு முடித்துக்கொள்ளும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கோபமே வரும். பீன்ஸையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது.

கேப்பை நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்துவிடும். கெட்டியான களியும் கீரையும் மேல். தாண்டிக்குடிப் பக்கத்து மலைவாழையில் ஒன்று சாப்பிடலாம், ஆனால் பழம் கனியக் கனிய அதன் மாவு சர்க்கரையாகிறது என்பது நினைவிருக்கட்டும். பேரிக்காயும் பிளம்ஸும் குறியீடு குறைந்தவை. கடித்துத் தின்னுங்கள், சாறு பிழியாதீர்கள்.

குளிருக்கு இதமாக ஒரு நாளில் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாற்பது கிராமுக்குக் குறையாது. கிழங்கைப் பழிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தனியாக ஒன்று. மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று வெட்டிவிடாதீர்கள். தோட்டத்தில் மேடேறும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் குறியீடு குறைந்த உணவு உதவாது. பையில் சாக்லேட் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

வணக்கம்.