தாலிக்கு முன்பே அவர் காதலர்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாகர்கோவில் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நிச்சயமான பையனைப் பெண் எப்படிச் சொல்வது? 'கெட்டப் போறவர்', அதாவது தாலி கட்டப் போகிறவர் என்றால் போதுமா, 'காதலர்' என்றே சொல்லலாமா? இதுதான் தலைப்பு. முன்னால் பேசிய தங்கை, "காதலர் சினிமாச் சொல், வீட்டில் சொன்னால் கூசும். நமக்கு அத்தான் என்ற சொல் இருக்கிறதே" என்றார்.

அத்தான் நல்ல சொல். ஆனால் அக்காள் கணவரும் அத்தான்தானே? கெட்டப் போறவர் என்றால், நடக்கப்போகிற ஒரு சடங்கைத்தான் சொல்கிறோம். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், லீவு கிடைத்தால்தான் கெட்டு. அதுவரை தினமும் போனில் சுகதுக்கம் பேசுகிறார்களே, அந்த உறவு இன்றைக்கே இருக்கிறது. அதற்குப் பெயர் வேண்டாமா?

சினிமாச் சொல்லாம். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே வள்ளுவர், அவரைக் கேட்போம். கல்யாணத்துக்கு முந்திய காதலுக்கென்றே களவியலில் 7 அதிகாரம், 70 குறள். அதில் ஒரு பெண் பேசுகிறாள்:

"நெஞ்சத்தார் காத லவராக வெய்துண்டல்
அஞ்சுதும் வேபாக் கறிந்து."

காதலர் என் நெஞ்சுக்குள் இருக்கிறார், சூடாகச் சாப்பிட்டால் அவருக்குச் சுட்டுவிடும் என்று பயப்படுகிறாள். என்ன மாதிரியான அன்பு இது! அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி இல்லை. ஆனாலும் 'காதலர்' என்று வாய் நிறையச் சொல்கிறாள். நம் வீட்டுப் பிள்ளை சொன்னால் மட்டும் எதற்குக் கூச வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. அப்படிப் போகிறவனுக்கு நிச்சயமான ஒரு பெண் இருந்தால், அவள் அவனுக்கு யார்? வாரிசுச் சான்றிதழில் அவளுக்கு இடமில்லை. அது சட்டம், சரி. ஊர் என்ன சொல்லும்? "நல்ல காலம் மக்களே, கெட்டு கழியல்ல." கல்யாணம் முடியவில்லையே என்பதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் அழக்கூட உரிமையில்லாதவளாகிவிடுகிறாள். 'அவளுடைய காதலர் போய்விட்டார்' என்று ஊர் சொல்லியிருந்தால், அழுகிறவள் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"கல்யாணம் நின்றுபோனால் அந்தச் சொல் பெண்ணுக்குப் பழியாகாதா?" என்று கேட்டீர்கள். பெற்றவர்களின் பயம் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் நிச்சயத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிறோம். மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஓலை வாசிக்கிறோம். அத்தனை பேருக்கும் தெரிந்தபின், ஒரு சொல்லை மறைத்தா அவளைக் காப்பாற்றப் போகிறோம்? பழி பேசுகிறவர்களைத் தட்டிக் கேட்போம். பிள்ளையின் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, மகள் 'என் காதலர்' என்று சொல்லும்போது நிமிர்ந்து கேட்கிற தாய்மார்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.